பேரம் போன அதிகாரம்

அமெரிக்காவில் ஆற்றை மறித்து அணை நடத்தவோ சதுப்பு நிலத்தை மண்போட்டுத் தூர்க்கவோ மத்திய அரசாங்கத்தின் பெர்மிட் வேண்டும். ஆனால் தண்ணீரின் தரம் கெடாது என்று மாநிலம் சான்று தராமல் அந்தப் பெர்மிட் கிடைக்காது. 1972 தூய நீர்ச் சட்டம், 401-ஆவது பிரிவு. மாநிலம் மறுத்தால் வேலை நின்றது! நல்ல சட்டம்தான். ஆனால் ஓராண்டுக்குள் முடிவெடுக்காவிட்டால் அந்த அதிகாரம் போய்விடும்.

கிளாமத் ஆற்றில் நடந்ததைப் பாருங்கள். அணை நிறுவனத்தின் லைசென்ஸ் 2006-இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுதோறும் சான்று மனுவை மீட்டு, அதே மனுவை மறுபடியும் கொடுத்தார்கள். கலிபோர்னியாவும் ஓரிகனும் இதற்கு ஒப்பந்தமே போட்டன! கெடு புதுப்பிக்கப்பட்டதாகக் கணக்கு. அணைகள் பழையபடி ஓடின. தேங்கிய நீரில் நச்சுப் பாசி. கீழே சால்மன் மீனை நம்பி வாழ்பவர்கள் ஹூப்பா பழங்குடி மக்கள். அந்த ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்து இல்லை.

அவர்கள்தான் வழக்குப் போட்டார்கள். இரு மாநிலங்களும் தங்கள் அதிகாரத்தை இழந்துவிட்டன என்று 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவலுக்கு வைத்தவனே பேரம் பேசினால் ஹூப்பா மக்கள் வேறு எங்கே போவார்கள்? நான்கு அணைகளும் இடித்து முடிக்கப்பட்டது 2024-இல்தான்.