கொட்டகையும் புராதனமே

புதுவையின் புராதனம் என்றால் சர்க்காருக்கு வாய்க்காலின் கிழக்கே உள்ள பிரெஞ்சு வீதிகளே நினைவுக்கு வருகின்றன. உழைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடிய சினிமாக் கொட்டகைகளை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

ரத்னா, ராமன், ஆனந்தா என்ற பெயர்கள் புதுவை மக்களின் நாவில் பழகியவை. 1936 ஜூலை 30-ல் 12 மில் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாக எட்டு மணி நேர வேலை நாள் வந்தது. தொழிலாளிக்கு மாலைப் பொழுது என்று ஒன்று கிடைத்தது. அந்த மாலைப் பொழுதுக்கு இடம் கொடுத்தவற்றில் கொட்டகையும் ஒன்று. 2020-ல் பஞ்சாலைகள் மூடப்பட்டன. அடுத்து இதையும் இழப்பதா?

கொட்டகையின் கட்டட அமைப்பும் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. நடுவே தூண் இல்லாமல் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள். கடைசி வரிசைக்கும் திரை தெரியும்படி சரிந்த தரை. பழைய பிலிம் எளிதில் தீப்பற்றும் என்பதால் தனியே ஒதுக்கிய மெஷின் அறை. நெருக்கடியில் கூட்டம் வெளியேறப் பல வாசல்கள். கொத்தனாரும் கொல்லரும் தச்சரும் சேர்ந்து ஆக்கிய தொழில்திறன் இது.

திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் துய்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால், பிற்காலத்து டிலைட், 2023-ல் இடிக்கப்பட்டது. சென்னையில் 1913-ல் எழுந்த எலெக்ட்ரிக் தியேட்டரோ தபால் இலாகாவின் கையில் இருப்பதால் இன்றும் நிற்கிறது. பொதுத்துறை காத்தது பிழைத்தது. மனை விலைக்கு விட்டது மறைந்தது.

புதுவையே கண்ட பாடமும் உண்டு. பராமரிப்பின்றி விடப்பட்ட மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. பிறகு உலக வங்கிக் கடனில் அதே தோற்றத்தில் கட்ட நேர்ந்தது. மாறாக, வாய்க்காலின் மேற்கே வைசியாள் வீதியைச் சீர்செய்து 2008-ல் யுனெஸ்கோ விருது பெற்றதும் இதே ஊர்தான். மனமிருந்தால் முடியும்!

நஷ்டத்தில் நடத்தும் உரிமையாளர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பழைய கொட்டகைகளைப் புராதனப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முகப்பைப் பழுதுபார்க்க மானியமும் வரிச் சலுகையும் அளித்து, அதற்கு ஈடாக ஏழைக்கு எட்டும் டிக்கெட் விலையையும் ஊழியரின் வேலைப் பாதுகாப்பையும் நிபந்தனையாக்க வேண்டும். மூடியவற்றை நூலகமாகவோ நாடக அரங்கமாகவோ நகராட்சி ஏற்கலாம்.

இடிந்த பின் அனுதாபம் தெரிவிப்பதை விட, நிற்கும்போதே காப்பது மேல். சர்க்கார் உடனே செயல்பட வேண்டும். செயல்பட வைப்பது புதுவை மக்களின் கடமை.