படம் இருந்தால் பெயர் வேண்டாமா?

நம் வலியசாலைத் தெருக்களில் பழைய தகரப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகி வருகின்றன. தாத்தாவின் பென்ஷன் தாள்கள், வீட்டுப் பத்திரம், பாட்டி கைப்பட எழுதிய சமையல் குறிப்பு, கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறோம். நல்ல காரியந்தான். ஆனால் திறந்து பார்த்தால் திரையில் இருப்பது என்ன? ஒரே மாதிரியான மஞ்சள் உறைகள். அவற்றின் அடியில் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'நியூ ஃபோல்டர் 3'. ஏற்றி வைத்த பிள்ளை பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்டால், பத்திரம் எந்த உறையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த வீட்டில் ஆளில்லை.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. அந்த மஞ்சள் உறையை மாற்றி, நமக்கு வேண்டிய சின்னத்தை வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் ஃபோல்டரின் மேல் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' என்பதில் 'கஸ்டமைஸ்' பகுதிக்குப் போனால் 'சேஞ்ச் ஐகான்' என்று இருக்கும். 'ஐகோ' வகைப் படத்தை அங்கே கொடுத்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று சிலர் நினைக்கலாம். அந்த மஞ்சள் உறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது. அது அமெரிக்க அலுவலகங்களில் காகிதங்களைச் செருகி வைக்கும் அட்டை உறை. 1981-இல் ஜெராக்ஸ் கம்பெனி வெளியிட்ட 'ஸ்டார்' கம்ப்யூட்டரில் அது திரைக்கு வந்தது. 1984-இல் வந்த மேக்கின்டாஷுக்காக சூசன் கேர் என்ற ஓவியர் பல சின்னங்களை வரைந்தார். கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்பித்தான் வரைந்தாராம். புள்ளி வைத்துக் கோலம் போடும் நம் பெண்களுக்கு இது புதிதல்லவே! அவர்கள் தங்கள் மேசையில் இருந்ததைச் சின்னமாக்கினார்கள். நாம் நம் வீட்டில் இருப்பதைச் சின்னமாக்குவோம். பண்டிகைகளுக்குக் கோலம், சமையலுக்கு உருளி, பூஜைக்குக் குத்துவிளக்கு, வீட்டுப் பத்திரத்துக்குச் சாவி. தாத்தாவின் முகத்தை வைத்தால் சிறிய அளவில் அடையாளம் தெரியாது. பக்கத்துக்குப் பதினாறு புள்ளிதான் கிடைக்கும். வடிவம் எளிமையாக இருக்க வேண்டும்.

ஆங்கிலம் படிக்காத பாட்டியும் உருளியைக் கண்டால் திறந்துவிடுவாள். அதுவரை சரி. ஆனால் படம் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் சரியில்லை.

படம் நிலையானதல்ல. நாம் வைத்த சின்னத்தை ஃபோல்டர் தனக்குள் வாங்கிக்கொள்வதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கோப்பில் குறித்து வைத்துக்கொள்கிறது. படத்தை அழித்தாலோ, ஃபோல்டரை மட்டும் வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சென்றாலோ, அந்த முகவரியில் ஒன்றும் இராது. பழைய மஞ்சள் உறை திரும்பி வந்துவிடும். கைப்பேசியில் பார்த்தாலும் அதே கதிதான். போகும் இடமெல்லாம் கூட வருவது பெயர் ஒன்றுதான்.

அந்தப் பெயரைத் தமிழில் எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள். 1990-களில் இதைச் சொல்லியிருந்தால் பயனில்லை. அன்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கணக்கு; ஒரு மெஷினில் தமிழாகத் தெரிந்தது அடுத்த மெஷினில் கன்னாபின்னாவென்று தெரியும். யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்தாலும், விண்டோஸில் அது சரியாக இயங்கியது விண்டோஸ் 2000-த்தில்தான். இன்று அந்தச் சாக்கு இல்லை. தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலப் பெயர்களுக்குப் பின்னால் போய் நிற்கின்றன என்பார்கள். '01 வீட்டுப் பத்திரம்' என்று முன்னால் எண் போட்டால் அந்தக் குறையும் தீரும்.

"எங்கள் குழந்தைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, பிறகு எப்படித் திறப்பார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்; பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; பள்ளிப் பாடங்களின் ஃபோல்டர் மலையாளத்திலேயே இருக்கட்டும். ஆனால் படம் இருப்பதே இந்தத் தடையைத் தாண்டத்தானே? உருளியைப் பார்த்துக் குழந்தை திறக்கும். அடியில் 'பாட்டி சமையல்' என்ற எழுத்தும் கண்ணில் படும். நாள்தோறும் பட்டால் எழுத்து பழகிவிடும். தனி வகுப்பும் வேண்டாம், டியூஷன் ஃபீஸும் வேண்டாம்.

எழுத்து பழகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சாலைக் கடைத்தெரு வழியே நடந்து கிழக்கே கோட்டையைத் தாண்டினால் மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே 2022-இல் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று பல எழுத்துகளில் ஓலைகள் குவிந்திருக்கின்றன. ஓலை கெடவில்லை, அந்த எழுத்துகளைப் படிக்கத்தான் இன்று தனிப்பயிற்சி பெற்றவர்கள் வேண்டியிருக்கிறது. நம் வீட்டுத் தமிழ்க் கடிதங்களைப் படிக்கவும் நாளை நம் பேரப்பிள்ளைகள் ஒரு நிபுணரைத் தேட வேண்டுமா?

நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இந்த வலியசாலைதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்தச் சாலை இன்று இல்லை. பெயர் மட்டும் ஆயிரம் ஆண்டு கடந்து நம் முகவரியில் இருக்கிறது.

நவராத்திரியில் புத்தகங்களைப் பூஜைக்கு வைக்கிறோம். விஜயதசமியன்று எடுத்துப் படிக்கிறோம், குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கிறோம். இந்த ஆண்டு அன்றைக்குக் கம்ப்யூட்டரையும் திறவுங்கள். ஐந்தே ஐந்து ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுத்து, படத்தைக் குழந்தை தேர்ந்தெடுக்கட்டும். பெயரைப் பாட்டி சொல்லட்டும். குழந்தையே தமிழில் தட்டட்டும். சின்னத்துக்கான படத்தை வேறெங்கும் வைக்காமல், அந்த ஃபோல்டருக்குள்ளேயே ஒரு பிரதி போட்டு வைப்பதும் நல்லது. என்றாவது மஞ்சள் உறை திரும்பி வந்தால் மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.