காய்ச்சல் இங்கிலீஷ்

நம் பிள்ளைகள் இங்கிலீஷில் முதன்முதலாக நெட்டுருப் போடும் சமாசாரம் எது தெரியுமா? காய்ச்சல்! 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்ற லீவ் லெட்டரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். உடம்பு சரியாக இருக்கிற நாளில் பேசுவதற்குத்தான் அவர்களிடம் வாக்கியம் இல்லை.

பூம்புகாரை அடுத்த மேலையூரில் 1964 முதல் கல்லூரி இருக்கிறது. வலை இழுக்கிறவர் வீட்டிலும் நாற்று நடுகிறவர் வீட்டிலும் இன்று பட்டதாரிகள் உண்டு. அப்படி ஒரு பெண் சென்னைக்கு வேலை தேடிப் போகிறாள். "சமீபத்தில் பார்த்த படம் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்கிறார்கள். அவள் வாயடைத்துப் போகிறாள். தமிழில் கேட்டிருந்தால் அந்தப் படத்தைப் பிய்த்து உதறியிருப்பாள். அபிப்பிராயம் இருக்கிறது, அதைச் சொல்லிப் பழக்கமில்லை. வேலை போயிற்று.

பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தும் ஏன் இந்த கதி? வாத்தியார் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் முன்பே நோட்ஸில் அச்சாகியிருந்தது. 'உனக்கு என்ன தோன்றியது?' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இதற்கு மருந்து வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. டெலிவிஷனில் புதிதாக ஓர் இங்கிலீஷ் தொடர் வருகிறதா? முதல் அரைமணியைப் பாருங்கள். பிறகு பெட்டியை அணைத்துவிட்டு, மனத்தில் பட்டதைப் பக்கத்திலிருப்பவரிடம் இங்கிலீஷில் சொல்லுங்கள். ஏன் புதிய தொடர்? அதற்கு இன்னும் எவரும் நோட்ஸ் போடவில்லை! 'பிடித்தது' என்றால் இறந்தகாலம் வந்துவிட்டது. 'ஏனென்றால்' என்றால் காரணம் வந்துவிட்டது. 'அடுத்த வாரம் அவன் மாட்டிக்கொள்வான்' என்றால் எதிர்காலமும் வந்துவிட்டது. இலக்கணம் வேறெங்கே இருக்கிறது?

"டெலிவிஷன் இங்கிலீஷ் கொச்சை" என்று முகம் சுளிக்கிறார்கள் சில பெரியவர்கள். இருக்கட்டுமே! 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று எந்த வெள்ளைக்காரன் டீக்கடையில் பேசுகிறான்? ஹாலந்திலும் ஸ்வீடனிலும் பெரியவர்கள் பார்க்கும் அந்நிய நாட்டுத் தொடர்களுக்குப் பெரும்பாலும் குரல் மாற்றுவதில்லை. அசல் பேச்சை ஓடவிட்டுக் கீழே எழுத்தில் போடுகிறார்கள். அங்கே சாதாரண ஜனங்கள் சரளமாக இங்கிலீஷ் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். கொரியாவின் பி.டி.எஸ். பாடகர் ஆர்.எம்., 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் கற்றதாக 2017-இல் அமெரிக்க டெலிவிஷனிலேயே சொன்னார்.

ஆனால் ஒன்று: பார்த்துக்கொண்டே இருந்தால் மொழி வராது. கரையில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறவனுக்கு நீச்சல் வருமா? வாயைத் திறக்க வேண்டும். தப்பாகப் பேச வேண்டும். கேட்கிறவர் சிரிக்காமல் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் நம்மிடம் அபூர்வம். பிள்ளையின் வாயை அடைப்பது இலக்கணம் அல்ல, நம்முடைய சிரிப்பு.

இதே காவேரிப்பூம்பட்டினத்தில் பல பாஷைக்காரர்கள் கலந்து வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பாடுகிறது. மிளகுக்கு விலை பேச வந்தவன் இலக்கணப் பரீட்சை எழுதிவிட்டா கப்பலை விட்டு இறங்கினான்? அரைகுறையாகப் பேசினான், வியாபாரம் நடந்தது. அவன் தமிழைக் கேட்டுச் சிரித்து விரட்டியிருந்தால் புகாருக்குத்தான் நஷ்டம்.

ஆகவே, வாத்தியார்மார்களே, திங்கட்கிழமை தோறும் பாடப் புத்தகத்தைப் பத்து நிமிஷம் மூடிவையுங்கள். "நேற்று என்ன பார்த்தாய்? எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். பதில் தப்பும் தவறுமாக வரும். வரட்டும். காய்ச்சலுக்கு லீவு கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.