எழுந்து போகுமுன் ஒரு தாழ்ப்பாள்

கம்ப்யூட்டரை விட்டு எழுந்தால் திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள் என்று சொன்னால், "ஏன் சார், எங்களையெல்லாம் சந்தேகப்படுகிறீர்களா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி.

கருவூலத்தில் முத்திரைத்தாள் வைக்கும் இடத்துக்கு இரட்டைப் பூட்டு போடுவது நம்மில் பலருக்குத் தெரியும். சாவிகள் இருவரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்க முடியும். அதனால் தன்னைத் திருடன் என்று சொல்லிவிட்டதாக எந்தக் காசாளரும் கோபித்துக்கொண்டதில்லை. அதிகாரியின் ரப்பர் ஸ்டாம்பை மேசை மேலேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போன குமாஸ்தாவுக்குக் கிடைத்த அர்ச்சனையும் நினைவிருக்கும்.

இதில் ஒரு வித்தியாசம் உண்டு. காகிதக் கோப்பில் கையெழுத்து இருந்தது. குறிப்பு எழுதியது யார் என்று எழுத்தின் சாய்வையும் மையின் நிறத்தையும் பார்த்தே சொல்லிவிடுவோம். சுருக்கொப்பத்தைக் கள்ளத்தனமாகப் போட்டாலும் இரண்டு நாளில் பிடிபடும். கம்ப்யூட்டருக்குக் கையெழுத்து தெரியாது. எந்தப் பயனர் பெயரில் எத்தனை மணிக்கு என்று மட்டும் பதிந்து வைக்கும். விசையைத் தட்டிய விரல் யாருடையது என்று அதைக் கேட்டுப் பயனில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ஒரு அம்மாள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனார். திரை திறந்தே இருந்தது. அந்த அரைமணி நேரத்தில், நிறுத்தி வைத்திருந்த விண்ணப்பம் ஒன்று அவர் பெயரில் மேலே போய்விட்டது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சாப்பாட்டு அறையில் இருந்ததற்குச் சாட்சி சொல்லப் பிரிவில் ஒருவரும் முன்வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி தங்கள் பக்கம் திரும்பும் என்ற பயம். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்த அவருக்கு அத்தனை மாதமும் தூக்கமில்லை. செய்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பூட்டியிருந்தால் அந்தம்மாள் மட்டுமல்ல, சந்தேகத்துக்கு ஆளான மற்ற ஆறு பேரும் தப்பியிருப்பார்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் திறந்து கிடந்த திரையில் கடவுச்சொல்லே தேவைப்படவில்லையே!

செய்ய வேண்டியதோ ஒரு வினாடி வேலை. விண்டோஸ் விசையோடு 'எல்' எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் போதும். விண்டோஸ் 95 காலத்தில் கடவுச்சொல் கேட்கும் பெட்டியை 'எஸ்கேப்' தட்டியே தாண்டிவிடலாம்; அந்த விளையாட்டு இப்போது நடக்காது. மானிட்டரை அணைப்பது பூட்டுவதாகாது. ஐந்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று நம்புவதும் போதாது, விஷமத்துக்கு ஒரு நிமிடம் தாராளம். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் இதற்கு 'வெரூய்யே' என்பார்கள். 'வெரூ' என்றால் தாழ்ப்பாள். பொருத்தமான சொல். உள்ளே திறந்து வைத்த வேலை அப்படியே இருக்கும், கதவை மட்டும் தாழிடுகிறோம்.

என் கோபமெல்லாம் குமாஸ்தாக்கள் மேல் அதிகமில்லை. கடவுச்சொல்லை ஒப்பந்த ஊழியரிடம் கொடுத்து "நீயே போட்டுவிடு" என்கிற அதிகாரிகள் மேல்தான். டிஜிட்டல் கையொப்பத்துக்கான டாங்கிளையும் மெஷினிலேயே செருகி வைத்துவிட்டு மீட்டிங் போகிறார்கள். அந்தக் காலத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதிகாரி யாராவது உண்டா?

வீட்டிலும் இதே கதைதான். பென்ஷன் கணக்கைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போகிறோம். பேரன் வீடியோ கேமுக்காக உட்காருவான். அவன் நல்ல பிள்ளைதான், விரல்தான் சும்மா இராது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: நம் வயதில் அந்தக் கடவுச்சொல் வீட்டுக்காரம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நோட்டில் எழுதி பீரோவுக்குள் வையுங்கள். பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பது அவருக்கு எப்போதும் தெரியும்.