தூக்கிவிட ஆள் இருந்தால் போதுமா?

வீடு திரும்பும் நாள் குறிக்கப்பட்டவுடன் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மாத்திரையையும் உணவையும் அடுத்த பரிசோதனை நாளையும் பற்றியவை. அவை கேட்கப்பட வேண்டியவையே. ஆனால், "உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படிகள்? குளியலறைக் கதவு எவ்வளவு அகலம்?" என்று நாங்கள் திருப்பிக் கேட்கும்போது பலரும் வியப்படைகின்றனர். சற்று யோசித்துவிட்டு அவர்கள் தரும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் ஐயா, தூக்கிவிட ஆள் இருக்கிறார்கள்."

அன்பினால் சொல்லப்படும் சொல் அது. ஆயினும், மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் அவ்விடையோடு உடன்படவில்லை. வீட்டில் செய்ய வேண்டிய மாற்றத்தை ஆள் பலத்தைக் கொண்டு ஈடுசெய்ய முயலும் குடும்பங்கள் படும் துன்பத்தை, மறுபரிசோதனைக்கு வருவோரிடம் தொடர்ந்து காண்கிறோம்.

பக்கவாதத்திற்குப் பின்னரோ இடுப்பெலும்பு முறிவுக்குப் பின்னரோ வீடு சென்ற ஒருவருக்குக் கழிப்பறை செல்ல இருவர் துணை வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். மகன் வேலைக்குச் சென்றுவிட்டால் மாலை 7 மணி வரை இரண்டாவது ஆள் இல்லை. மருமகளை அழைக்கக் கூச்சம். அவர் என்ன செய்கிறார்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். இதை யாரிடமும் சொல்வதில்லை. காலைக் காப்பியையும் மறுத்துவிடுகிறார்; வீட்டார் அதைப் பசியின்மை என்று எண்ணுகின்றனர். சில வாரங்களில் மலச்சிக்கலும் சிறுநீர்ப்பாதைத் தொற்றும் அவரை மீண்டும் இங்கே கொண்டுவருகின்றன. மருந்துச்சீட்டில் ஒரு மருந்து கூடுகிறது. கழிப்பறை வாசலில் இருக்கும் 4 அங்குலத் தடுப்போ அப்படியே இருக்கிறது.

தூக்குபவரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவருக்கு 65 வயதென்றால் அவரைத் தூக்கும் மனைவிக்கு ஏறத்தாழ 60. முதுகுவலியோடு அந்த அம்மையாரும் நோயாளியாகிவிடுவதை நாங்கள் பார்க்கிறோம். பக்கவாதத்தால் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு பாதிக்கப்படும். அவசரத்தில், ஈரத் தரையில், குறுகிய கதவுக்கு நடுவே நிற்பவருக்கு எந்தக் கையைப் பிடிக்கிறோம் என்று பார்க்கவும் வழியில்லை.

ஆகவே, கையில் இருக்கும் பணம் சிறிதாயின் அதைக் குளியலறையில் செலவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. பல குடும்பங்கள் முதலில் விலையுயர்ந்த கட்டிலை வாங்குகின்றன. படுத்த படுக்கையாகவே இருப்பவருக்கு அது தேவைதான். எழுந்து நடமாட வேண்டியவருக்கோ, அமர்ந்தால் பாதம் தரையில் முழுமையாகப் பதியும் உயரமுள்ள சாதாரண மரக்கட்டில் போதும். கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுவதுதான் கடினம்; நடுப்பகுதி தொய்ந்து உடலை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

வழக்கமான பெரியோர் சக்கர நாற்காலி 25 முதல் 27 அங்குலம் வரை அகலமுடையது. நம் வீடுகளில் குளியலறைக் கதவோ இரண்டு அடி, மிஞ்சினால் இரண்டரை அடி. அதிலும் நிலைச்சட்டமும் கதவின் கனமும் கழியும். இந்திய அரசு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகள் வேண்டும் கதவகலம் 900 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 3 அடி. சுவரை இடித்து அவ்வளவு அகலம் செய்ய இயலாதவர்கள் கதவையே கழற்றிவிட்டுக் கனமான திரைச்சீலை போடலாம். கதவு வேண்டுமென்றால் அது வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவின்மீதே சாய்ந்து கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவை யாராலும் திறக்க முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நீக்கக்கூடியதாக இருப்பது நல்லது.

கைப்பிடிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ முயன்று, கம்பியோடு கீழே விழுந்தவர்கள் உண்டு. அது துண்டின் எடைக்காகப் பொருத்தப்பட்டது. சுவரில் காற்றழுத்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றரை அங்குல விட்டமுள்ள எவர்சில்வர் குழாயைச் செங்கல் சுவரில் துளையிட்டு, போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். விரல்கள் புகுமளவு இடைவெளி விட வேண்டும். பயன்படுத்தப் போகிறவரை அமரவைத்து, அவர் கை இயல்பாகச் சென்று பற்றும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்த பின்னரே துளையிடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தவருக்கு உள்ளே செல்லும்போது வலப்புறம் இருக்கும் பிடி, திரும்பும்போது இடப்புறமாகிவிடும். அதனால் வழியின் இருபுறமும் பிடி தேவை.

தரைமட்டக் கழிப்பறையே உள்ள வீடுகளில் உடனே இடித்துக் கட்ட வேண்டியதில்லை. நடுவில் திறப்புள்ள உறுதியான கமோடு நாற்காலியை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். இருக்கையின் உயரம் 18 அங்குலத்தை ஒட்டியிருக்கட்டும். கால்களில் ரப்பர் மூடி இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தேய்ந்து ஓடு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

அடுத்தது வாசல். 6 அங்குல உயரத்தில் மூன்று படிகள் என்றால் மொத்தம் ஒன்றரை அடி. சாய்தளத்திற்கு வழிகாட்டு நெறி கூறும் கணக்கு, ஓர் அடி உயரத்திற்கு 12 அடி நீளம். எனவே 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். தெருவை ஒட்டிய வீடுகளில் இவ்வளவு இடத்திற்கு எங்கே போவது? சென்னையில் 2015 வெள்ளத்திற்குப் பிறகு தரைமட்டத்தை உயர்த்திக்கொண்ட வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். இரு சக்கர வாகனத்தை ஏற்றுவதற்காகப் போட்டிருக்கும் செங்குத்தான சிமெண்ட் சரிவைக் காட்டி, "இது போதுமல்லவா?" என்று பலர் கேட்கின்றனர். போதாது. அதில் நாற்காலியை முன்னோக்கி இறக்கினால் அமர்ந்திருப்பவர் முகங்குப்புற விழக்கூடும். வேறு வழியே இல்லாத நாளில், வலுவுள்ள ஒருவர் கீழ்ப்புறம் நின்று நாற்காலியைத் தாங்க, பின்னோக்கியே இறக்க வேண்டும். முன்வாசலில் இடமில்லாவிடில் கொல்லைப்புற வாசலையோ பக்கச் சந்தையோ பாருங்கள். இடையில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டினால் நீளம் பாதி இடத்தில் அடங்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டுவோரிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மின்தூக்கி வைக்கிறீர்கள், அதனை அடைய நான்கு படிகளையும் வைக்கிறீர்கள். யாருக்காக அந்த மின்தூக்கி?

நிலைவாசற்படியைப் பற்றி வீட்டுப் பெரியவர்களுக்கு மனத்தடை இருப்பதை அறிவோம். மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு வழிபடும் படியை அறுக்கச் சொல்வது எளிதன்று, நாங்களும் சொல்வதில்லை. படியைத் தொடாமல் அதன் இருபுறமும் சரிவான மரக்கட்டைகளை வைத்தால் சக்கரம் ஏறி இறங்கும். வெள்ளிக்கிழமை காலையில் கட்டையை எடுத்துவிட்டுப் பூசை முடிந்ததும் மீண்டும் வைக்கலாம்.

இம்மாற்றங்களை யாரைக் கேட்டுச் செய்கிறோம் என்பது எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மகன் முடிவெடுக்கிறார், கொத்தனார் கட்டுகிறார். நாற்காலியில் அமர்ந்திருப்பவரை எவரும் கேட்பதில்லை. நோயாளி பெண்ணாயின் இது இன்னும் கூடுதல். "அம்மா இனிச் சமைக்க வேண்டாம், ஓய்வெடுக்கட்டும்" என்று சமையலறையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகின்றனர். அந்த அம்மையாருக்கோ தாளிக்கும் கரண்டியைத் தம் கையில் பிடிக்க வேண்டும் என்பதே ஆசையாக இருக்கலாம். நின்று சமைக்கும் மேடை அமர்ந்திருப்பவருக்கு உயரம் அதிகம். முழங்கால் உள்ளே நுழையும்படி அடிப்புறம் திறந்த, தாழ்வான மேசை ஒன்று போட்டால் காய் நறுக்கலாம், மாவு பிசையலாம். அடுப்பை அதில் வைப்பதானால் கொதிக்கும் பாத்திரம் மடியில் சரியாதபடி உட்புறம் தள்ளி வைக்க வேண்டும்; கால்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு பட்டதே தெரியாது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்தார். அமர்ந்து செய்யத்தக்க பணி, அமர்ந்தவருக்கு எட்டும் மேசை என்ற இரண்டும் அவருக்கு அமைந்தன. சமையலறைக்கும் இது பொருந்தும்.

செலவைக் குடும்பம் மட்டுமே தாங்க வேண்டுமா என்று கேட்பவர்கள் பக்கமே நாங்களும் நிற்கிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அணுகல் தரங்களில் கட்டாயமானவற்றை வரையறுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இவை பெரிதும் பொது இடங்களைப் பற்றியவை. மனிதர் தம் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் வீட்டுக்குள் அவற்றின் கை நீளவில்லை. ஜப்பானில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு, வீட்டை மாற்றியமைக்க இரண்டு லட்சம் யென் வரையிலான செலவை ஏற்கிறது. அதில் ஒரு பங்கை மட்டும் பயனாளி செலுத்துகிறார். கைப்பிடி, தரைமட்ட வேறுபாட்டை நீக்குதல், வழுக்காத தரை, இழுவைக் கதவு, அமர்ந்து பயன்படுத்தும் கழிப்பறை என்று அத்திட்டம் ஏற்கும் வேலைகள் நாம் மேலே பேசியவையே. அங்கும் பழைய வீடுகளில் வாசல் உயரமானது, கழிப்பறை தரைமட்டத்திலானது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. வீட்டுக்கு வருபவர் குளியலறையையும் அளந்து, அந்த அளவைக் கொண்டு ஒரு சிறு உதவித்தொகை வழங்கப்பட்டால் மருத்துவமனைக்கு மீண்டும் வருவோர் குறைவர் என்று நம்புகிறோம். நோயாளிகளின் குடும்பத்தாரும் இதைக் கேட்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்போர் சுவரில் துளையிடவும் தயங்குகின்றனர். மருத்துவத் தேவையை விளக்கி வீட்டு உரிமையாளருக்கு எங்கள் பிரிவு கடிதம் தரும், கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது துளைகளை அடைத்துத் தருகிறோம் என்ற உறுதியோடு கேட்டால் இசைபவர்கள் பலர். மறுக்கும் வீடுகளில், கழிப்பறை இருக்கையைச் சுற்றித் தரையில் நிற்கும் இரும்புச் சட்டத்தைப் பயன்படுத்தலாம்.

வீடு திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது வாசல், படுக்கையறை, குளியலறை, இவற்றுக்கு இடைப்பட்ட வழி ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். கதவின் குறுக்கே அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு, எண் தெரியும்படி எடுங்கள். குளியலறையைக் கதவு திறந்திருக்கும்போது ஒன்று, மூடியிருக்கும்போது ஒன்று என இரண்டு படங்கள் வேண்டும். அவற்றை நோயாளியின் முன்னிலையில் வைத்தே பேசுவோம்.