உருகும் உலோகமும் ஒளியளவையும்

உலையிற் காயும் இரும்பின் நிறங்கண்டு, அடித்தற்குரிய பதம் இதுவென அறிதல் கொல்லர்க்குத் தொன்றுதொட்டு வந்த அறிவாகும். கருஞ்சிவப்பு, செம்மஞ்சள், வெண்மை என நிறம் மாறுந்தோறும் வெம்மையும் ஏறுகின்றதென்பதை அவர்தம் கண் பழக்கத்தால் உணரும். இவ்வுணர்வை எண்ணால் வரையறுக்கப் புகுந்தனர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர். 1847-ஆம் ஆண்டில் திரேப்பர் என்பார், காய்ந்த திண்பொருள்கள் கண்ணுக்குப் புலனாகும்படி ஒளிரத் தொடங்குவது ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலேயே என ஆய்ந்து கூறினார். 1892-இல் பிரெஞ்சு வேதியியலறிஞராகிய லெ சாத்தலியே, காய்ந்த பொருளின் ஒளியை ஒரு விளக்கின் ஒளியோடு ஒப்புநோக்கி வெப்பநிலை காணுங் கருவியொன்றை அமைத்தார். தொடலாகா வெம்மையைத் தொடாமலே அளக்கும் இக்கலைக்கு இந்நாளில் ஒரு கடுஞ்சோதனை நேர்ந்துளது. அதனைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம். தமிழ் பயிலும் எமக்கு இதன்கண் என்ன உரிமை உண்டு என வினவுவார்க்கு, அது பின்னர் விளங்கும்.

1960-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், மெய்மன் என்பார் கெம்புக்கல்லினின்று முதன்முதலாக லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். அதன் வழிவந்த கருவிகள் இன்று உலோகத்தை உருக்கி உருவமாக்குகின்றன. உலோகத்தூளை ஒரு மில்லிமீட்டரின் நூற்றிற் சில கூறு கனமுடைய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி உறையச் செய்து, அதன்மேல் மீண்டுந் தூள் பரப்பி உருக்குவர். இங்ஙனம் படலத்தின்மேற் படலமாகப் பொருள் வளரும். 300 வாட் ஆற்றல் என்பது வீட்டில் வழங்கும் சில பொறிகளுக்குந் தாழ்ந்ததே. ஆயினும் அதனைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுடைய புள்ளியிற் குவிப்பின், அதன் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 38 இலட்சம் வாட் ஆகிவிடும். அப்புள்ளியோ வினாடிக்கு ஒரு மீட்டரளவு விரைவில் ஓடுகின்றது. அங்கு நிகழ்வதைக் கண்ணாற் காண்டல் இயலுமோ? கருவியொன்றே துணை.

இஃது ஆய்வுக்கூடத்து வேடிக்கையன்று. 2016-ஆம் ஆண்டிற் பயணிகள் விமானங்களிற் பணி தொடங்கிய லீப் என்னும் எஞ்சினில், எரிபொருள் தெளிக்கும் முனைகள் இம்முறையால் ஆக்கப்பட்டவை. பழுதுற்ற இடுப்பு மூட்டுக்கு மாற்றாக உடலுட் பொருத்தும் டைட்டானியக் கிண்ணங்களும் இவ்வாறு செய்யப்படுகின்றன. ஆகவே, உருகும் பரப்பைப் பிழையாக அளந்தால், அப்பிழையின் பயனை நுகர்பவர் அளந்தவர் அல்லர். விமானத்தில் ஏறியவரும் நோயாளருமேயாவர்.

இனி, இவ்வளவையின் அருமை யாதெனக் காண்போம். உலோகம் ஒளியை ஏற்கும் அளவு என்றும் ஒரே படித்தாய் நிற்பதன்று. மெருகிட்ட செம்பு, இத்தொழிலிற் பெரிதும் வழங்கும் அகச்சிவப்பொளியில் நூற்றுக்குச் சில பங்கே ஏற்று, எஞ்சியதைத் திருப்பிவிடும். பச்சையொளியையோ பன்மடங்கு மிகுதியாய் ஏற்கும். எஃகின் தட்டையான பரப்பு அதே அகச்சிவப்பொளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு ஏற்கும். ஒளிச்செறிவு மிகுமிடத்து உலோகம் உருகுதலோடு அமையாது கொதித்து ஆவியாகும். அவ்வாவி கிளம்பும் விசை உருகிய நீர்மையைக் கீழ்நோக்கித் தள்ள, ஆங்கிலர் சாவித்துளையெனப் பெயரிட்ட ஆழ்குழியொன்று தோன்றும். அதனுட் புகுந்த ஒளி சுவரினின்று சுவருக்குப் பன்முறை மோதி, மோதுந்தோறும் தன்னாற்றலை இழக்கும். ஆதலின், முன்னர் 30 பங்கு ஏற்ற எஃகே இப்பொழுது 70 பங்கிற்கு மேலும் ஏற்கும். லேசரின் ஆற்றலை ஒரு சிறிதும் உயர்த்தாதிருக்கவும், உலோகத்துட் புகும் வெப்பம் இருமடங்கிற்கு மேலாகின்றது. குழி நிலைகுலைந்தால் அதனடியிற் குமிழொன்று சிக்கி உறைந்துவிடும். பின்னாளில் உலோகம் ஓயாது அழுத்தமுறுங்கால் விரிசல் தோன்றுவது இத்தகைய புரைகளிலிருந்தே. 2019-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில், டைட்டானியக் கலப்புலோகத்துள் இக்குழி தோன்றி வளர்தலை ஊடுகதிரால் மிகு விரைவிற் படம்பிடித்து அறிஞர் உலகிற்குக் காட்டினர்.

தொழிற்கூடங்களிற் பலவும் உருகுமிடத்தின் ஒளிர்வைப் படமெடுத்து, அதற்கு நிறந்தீட்டி, வெப்பநிலைப் படமெனக் காட்டுகின்றன. இவ்வழக்கையே யாம் மறுக்கின்றோம். ஒரு பரப்பு வெளியிடும் ஒளி அதன் வெப்பநிலையை மட்டுஞ் சார்ந்ததன்று. அப்பரப்பின் உமிழ்திறனையுஞ் சார்ந்தது. சான்றாக, 2000 கெல்வின் வெப்பநிலையுள்ள ஒரு பரப்பின் மெய்யான உமிழ்திறன் 0.3 ஆக, கருவியோ அதனை 0.6 எனக் கொள்ளுமாயின், 0.9 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அக்கருவி காட்டும் வெப்பநிலை ஏறத்தாழ 1840 கெல்வினே. 160 கெல்வின் மறைந்தொழிந்தது! உருகும் பரப்பின் உமிழ்திறனோ, நீர்மையாகுங்காலும், குழியாகுங்காலும், துருப்படியுங்காலும் மாறிக்கொண்டேயிருக்கும். இடையில் எழும் ஆவியும் பொறியும் ஒளியை மறைக்கும். இத்துணையும் அறிந்தவர், ஒளிர்வென்னுஞ் சொல் இருக்க வெப்பநிலையென்னுஞ் சொல்லை ஆளுதல் தகுமோ? ஒரு சொல் தன் பொருளின் எல்லையைக் கடந்து வழங்குமிடத்து, அதனைத் தடுத்து வினவுதல் சொல்லாராய்ச்சி செய்வார்க்கு உரிய கடமை. மேலே யாம் குறித்த உரிமை இதுவேயாம்.

அஃதேல், செய்யத்தக்கது யாது? பொருள் தானே உமிழும் ஒளியை மட்டும் நம்பாது, நாம் அனுப்பிய ஒளியில் எவ்வளவு மீண்டதென்பதையும் அளத்தல் வேண்டும். உட்புறம் வெண்பூச்சுடைய உள்ளீடற்ற கோளத்தினுள் உலோகத்தை வைத்து உருக்கினால், எத்திசையிற் சிதறிய ஒளியும் அதனுள் ஒருங்கு கலந்துவிடும். அதன் ஒரு சிறு பகுதியை அளந்தே மீண்ட ஒளி முழுவதையுங் கணக்கிடலாம். அனுப்பியதில் மீண்டது போக எஞ்சியதே உலோகம் ஏற்றது. ஓர் அலைநீளத்தில் நன்கு ஏற்கும் பரப்பே அவ்வலைநீளத்தில் நன்கு உமிழுமென்பது கிர்க்காஃபு 1859-இற் கண்ட விதி. ஆதலின் ஏற்பை அளத்தல் உமிழ்திறனை அறிதற்கும் வழியாகும்.

குழியின் ஆழத்தை அறிதற்கும் ஒளியே துணை செய்கின்றது. 1991-இல், கண்ணின் உட்படலங்களைக் காண்டற்பொருட்டு, மீளும் ஒளியின் காலவேறுபாட்டை அலைக்குறுக்கீட்டால் அளக்கும் முறையொன்று வெளியாயிற்று. அம்முறையை லேசர் துளையிடுங்கால் ஆழங்காண்டற்கு ஆளலாமென 2010-இற் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார் காட்டினர். அளக்கும் ஒளி உருக்கும் ஒளியோடு ஒரே வில்லை வழியே சென்று, குழியின் அடியைத் தொட்டு மீளும். 2020-இல், கோளத்தால் ஏற்பையும் இம்முறையால் ஆழத்தையும் ஒரே வேளையில் அளந்த முடிவுகள் வெளிவந்தன. மனிதர் கண்ணுக்கு மருந்து காணப் பிறந்த முறை இன்று உலோகத்தின் கிணற்றை ஆழம் பார்க்கின்றது!

ஒளிர்வுப் படத்தாற் பயனே இல்லையோ எனின், உண்டு. நேற்றைய ஒளிர்விற்கும் இன்றையதற்கும் வேறுபாடு கண்டு, ஏதோ பிழை நேர்ந்ததென எச்சரித்தற்கு அது நன்று. எச்சரிக்கை வேறு, அளவை வேறு. செய்து முடித்தபின் ஊடுகதிராற் சோதித்தால் அமையாதோ எனின், கனத்த உலோகத்துள் நுண்புரையைக் காண்டல் அரிது. கண்டவிடத்தும் பொருள் வீணானதே எஞ்சும். கோளத்தைத் தொழிற்பொறியுள் வைத்தல் இயலாதே எனின், உண்மையே. ஆய்வுக்கூடம் கோளத்தால் மெய்யெண்ணை வகுத்துத் தருக. தொழிற்கூடம் உடன்செல்லும் ஒளியால் அதனைக் காத்துக்கொள்க. 2018-இல் அமெரிக்க அளவைக் கழகத்தார் தம் உரைகற் சோதனைகளின் முடிவுகளை எல்லார்க்கும் பொதுவாக வெளியிட்டது போல, ஏனையோரும் வெளியிடுதல் நலம்.

எனவே, உமிழ்திறன் இன்னதெனக் காட்டாத எவ்வெண்ணையும் வெப்பநிலையென ஏற்றல் ஆகாது என்பதும், உடலுள்ளும் வானூர்தியுள்ளும் செல்லும் பொருளுக்கு ஏற்பளவும் குழியாழமும் சான்றாக உடனிருத்தல் வேண்டும் என்பதும் எம் துணிபு. நம் கல்லூரியில் இயற்பியல் பயிலும் நண்பர் நாளை இத்தகைய கருவிகளின்முன் நிற்பர். கருவி காட்டும் எண்ணைக் கண்டவுடன், இஃது அளந்த எண்ணோ, கொண்ட எண்ணோ என்று ஒருமுறை வினவுவாராக. அவ்வினாவுக்கு விடை கிட்டுமளவும் அவ்வெண்ணுக்குப் பெயரிடாது காத்திருத்தலே அறிவுடைமையாம்.