கிரீஸ் வழிந்தால் நல்லதாம்! யார் சொன்னது?

இன்று கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அக்கா மகனின் ஜீப்பில், முன்சக்கரத்துக்கு உள்பக்கம் கறுப்பாக வழிந்திருப்பதைக் காட்டி, "என்னடா இது?" என்று கேட்டேன். "கிரீஸ்தான் மாமா. வெளியே வழிஞ்சா உள்ளே நிறைய இருக்குன்னு அர்த்தம்" என்றான். பக்கத்தில் நின்ற மெக்கானிக்கும் தலையாட்டினான். அவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். அங்கேயே காதைத் திருகியிருப்பேன். வயது நாற்பது ஆகிவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

இந்தப் பேச்சை போடியில் பல ஜீப் ஸ்டாண்டுகளில் கேட்டுவிட்டேன். இது பொய்.

நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப்பில் முன் அச்சின் இரண்டு முனையிலும் பந்து போல ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அதைக் கவ்விக்கொண்டு திரும்புவதுதான் நக்கிள். மேலேயும் கீழேயும் கிங் பின் பேரிங். நடுவில், வளைந்த நிலையிலும் சுற்ற வேண்டிய ஆக்ஸில் ஜாயிண்ட். இதற்கெல்லாம் கிரீஸ் வேண்டும். காவலுக்கு இரண்டு சீல். வெளிச் சீல் பந்தைத் துடைத்தபடியே தண்ணீரையும் மண்ணையும் தடுக்கும். அச்சுக் குழாய்க்குள் இருக்கும் ஆயில் சீல், டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வராமல் தடுக்கும்.

உள் சீல் போய்விட்டால் அந்த ஆயில் வந்து கிரீஸைக் கரைத்து ரசம் மாதிரி ஆக்கிவிடும். நீங்கள் பார்ப்பது அந்த ரசத்தைத்தான். கிரீஸ் நிறைய இருப்பதன் அடையாளம் அல்ல அது, கிரீஸ் செத்துப்போனதன் அடையாளம். ஒரு பக்கம் டிஃபரன்ஷியலில் ஆயில் குறைகிறது. இன்னொரு பக்கம் அதே ஆயில் ஸ்பிண்டில் வழியாக ஹப்புக்குப் போய் பேரிங்கைக் கழுவிவிட்டு, கடைசியில் பிரேக் லைனிங்கில் இறங்குகிறது. எண்ணெய் பட்ட லைனிங் பிடிக்காது. ஒரு சக்கரம் பிடித்து மறு சக்கரம் பிடிக்காவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

எங்கே இழுக்கும்? போடிமெட்டு இறக்கத்தில். 17 கொண்டை ஊசி வளைவு. சாயங்காலம் ஏலத்தோட்ட வேலை முடிந்து அந்த ஜீப்புகளில் இறங்கி வருகிறவர்கள் யார்? இதைப் படிக்கும் உங்களில் பலருடைய அம்மாவும் அத்தையும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெரு ஜீப் ஒன்று அப்படி இழுத்துப்போய்ச் சுவரில் உரசி நின்றது. ஓர் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. ஏலக்காய் பறிக்கிற கை அது. டிரம்மைக் கழற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன். லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. "பிரேக் ஏமாத்திருச்சு சார்" என்றார் டிரைவர். பிரேக் யாரையும் ஏமாற்றவில்லை. மூன்று மாதமாக வெளியே வழிந்து சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

இதற்கு நீங்கள் செய்யும் வைத்தியம் என்ன? பிளக்கைத் திறந்து கிரீஸ் கன்னால் முட்ட முட்ட அடிப்பது. எஃப்.சி.க்குப் போகும் முன்தினம் டீசல் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குவது. நக்கிளில் முக்கால் பங்கு கிரீஸ் போதும். முழுக்க அடைத்தால், சூடானதும் விரியும் கிரீஸ் வெளிச் சீலைத்தான் தள்ளும். நல்ல சீலையும் கெடுத்த புண்ணியம் உங்களுக்கு.

"சீல் மாத்தியும் கசியுது சார்" என்பவர்களுக்கு: பந்தைத் தடவிப் பார்த்தீர்களா? துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புதுச் சீலின் உதட்டை அது அறுத்துவிடும். எமரித் தாள் போட்டுத் தேயுங்கள். குழி ஆழமாக இருந்தால் பந்தையே மாற்ற வேண்டும். அப்படியே அச்சின் மேலுள்ள பிரீதரையும் பாருங்கள். அது மண் அடைத்திருந்தால், ஓடிச் சூடான அச்சுக்குள் அழுத்தம் ஏறி ஆயிலைச் சீல் வழியே தள்ளும். சூட்டோடு ஓடையில் இறங்கினால் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அந்தத் தண்ணீர் கீழே தங்குவதால்தான் கீழ் பேரிங் முதலில் போகிறது. பிரீதரைச் சுத்தம் செய்யக் காசே வேண்டாம்.

பிரித்து மாட்டுவது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. சக்கரம், டிரம், ஸ்பிண்டில், ஆக்ஸில் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். டிஃபரன்ஷியலையே இறக்க வேண்டிய வண்டிகளும் உண்டு. சீல் விலை அதிகமில்லை. கூலியும், வண்டி நிற்கிற நாளும்தான் வலி. தவணை கட்டுகிறவனுக்கு ஒரு நாள் என்பது என்ன என்று எனக்கும் தெரியும். ஆனால் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டவும் நாலு கலர் லைட் மாட்டவும் அதே வண்டி ஒரு முழு நாள் நின்றதே, அது எப்படி?

அக்கா மகனிடம் பேசிவிட்டேன். முறைத்தான், பிறகு சம்மதித்தான். மழைக்கு முன்னால், வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவன் வண்டியின் இரண்டு நக்கிளையும் பிரிக்கிறோம். வேலை செய்யப்போவது தலையாட்டிய அதே மெக்கானிக்தான். ஜீப் வைத்திருப்பவர்கள் வந்து பாருங்கள். டீ என் செலவு.